பச்சைப் பட்டு பச்சையாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வாசகர் புகைப்படப் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன். பரிசைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, ஐந்தாவது விதிதான் உறுத்துகிறது. 'எடிட் செய்த படம் ஏற்கப்படாது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். போதாததற்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு வாசகர், இந்தக் காலத்துப் படமெல்லாம் கம்ப்யூட்டரில் சமைத்தது, அந்தக் காலத்தில் எடுத்ததுதான் அசல் என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் படித்துவிட்டு டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் சரி, எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள், அதற்கும் எடிட்டிங் என்றுதான் பெயர்.

நான் மதுரையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். படம் எடுப்பது எனக்குப் பிழைப்பு கிடையாது. இதுவரை அதில் ஒரு ரூபாய் வந்ததில்லை, போனது எவ்வளவு என்று வீட்டில் சொன்னதும் இல்லை. கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி3200, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் சீட்டு எடுத்து வாங்கிய 35 எம்எம் லென்ஸ் ஒன்று. அந்த கேமரா சந்தைக்கு வந்தது 2012இல். இப்போது அதைத் தூக்கிக்கொண்டு போனால் பையன்கள் அருங்காட்சியகத்துப் பொருளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

வாரத்தில் ஆறு நாள் எட்டு எம்எம் கம்பி எத்தனை டன், கட்டுக்கம்பி எத்தனை கிலோ, யார் பாக்கி என்று பார்த்த கண்ணுக்கு ஏழாவது நாள் வேறு வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குப் போய்விடுவேன். கீழ ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. பால் சட்டியிலிருந்து எழும் ஆவியில் மார்கழி மாதத்தில் மட்டும், எதிர்க் கட்டடங்களின் இடைவெளி வழியாக ஒரு கீற்று வெயில் வந்து விழும், மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் மாஸ்டர் டம்ளரைத் தூக்கி ஆற்ற வேண்டும், ஆற்றும்போது குறுக்கே பைக் வரக்கூடாது, நான் ஃபோகஸைக் கோட்டை விடக்கூடாது. நான்கு ஞாயிறு போனேன். முதல் வாரம் மேகம். இரண்டாம் வாரம் மாஸ்டர் என்னைப் பார்த்து சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்துவிட்டார். மூன்றாம் வாரம் எல்லாம் சரியாக இருந்தது, மெமரி கார்டு வீட்டில் லேப்டாப்பில் சொருகியபடி இருந்தது. நான்காம் வாரம் கிடைத்தது. பாலின் தாரை நூல் மாதிரி இழுத்து நிற்க, ஆவி பொன்னிறமாக, பின்னால் எல்லாம் இருட்டு. அன்று கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. "நாலு வாரமா இதுக்கா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், இதற்குத்தான் வந்தேன், வேறு என்ன சொல்வது.

அந்தப் படம் கேமராவிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது தெரியுமா? ஆவி வெள்ளையாக, கடை சாம்பலாக, சுவரில் இருந்த டியூப் லைட்டின் பச்சை எல்லாவற்றின் மேலும் படிந்து கிடந்தது. நான் பார்த்தது அது இல்லை. என் கண் அந்த இருட்டையும் பார்த்தது, வெயிலையும் பார்த்தது, டியூப் லைட்டின் பச்சையை மூளை தானாகக் கழித்துவிட்டது. கேமராவுக்கு மூளை இல்லை. கண்ணில் பட்டதைத் திரும்ப எடுக்க இருபது நிமிடம் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். உங்கள் ஐந்தாவது விதிப்படி அந்த இருபது நிமிடம் மோசடி.

முதலில் அந்த வாசகர் சொன்ன 'அந்தக் காலத்து அசல்' விஷயத்துக்கு வருகிறேன். 1991இல் எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில்தான் நான் முதன்முதலாக டார்க் ரூமுக்குள், அதாவது பிரிண்ட் போடுகிற இருட்டறைக்குள் போனேன். பத்தாம் வகுப்பு லீவு. வீட்டில் சும்மா இருந்து சண்டை போடாமல் இருந்தால் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். சிவப்பு பல்பு, ஹைப்போ என்ற ரசாயனத்தின் நாற்றம், வேர்த்துக் கொட்டும், ஆனால் ஃபேன் போடக்கூடாது, தூசி பறந்து பேப்பரில் உட்காரும். ஸ்டுடியோ மாஸ்டர், படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரில் நெகட்டிவைப் பொருத்தி லைட்டைப் போட்டதும், கம்பி நுனியில் ஒட்டிய ஒரு வட்ட அட்டையை முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டே இருப்பார். அந்த இடத்துக்கு வெளிச்சம் குறையும், பிரிண்டில் முகம் தெளிவாக, வெளுப்பாக வரும். வானம் வெளிறிப் போயிருந்தால் நடுவில் ஓட்டை போட்ட பெரிய அட்டையால் மற்றதை எல்லாம் மறைத்து, ஓட்டை வழியாக வானத்துக்கு மட்டும் இன்னும் ஐந்தாறு நொடி கொடுப்பார், அது கறுத்து வரும். "கையை ஆட்டிக்கிட்டே இருடா, நிறுத்துனா கோடு விழுந்துரும்" என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் எடிட்டிங் பாடம். பல வருடம் கழித்து ஃபோட்டோஷாப்பை முதன்முதலாகத் திறந்தபோது, கருவிப் பட்டையில் ஒரு குச்சி நுனியில் வட்டமும் அதோடு சேர்ந்து குவித்த ஒரு கையும் ஐகானாக இருந்ததைப் பார்த்து சிரித்துவிட்டேன். மாஸ்டரின் அட்டையும் கையும். வெளுப்பாக்குவது டாட்ஜ், கறுப்பாக்குவது பர்ன், பெயர்கூட மாறவில்லை.

அவர் அத்தோடு விட்டாரா? 120 ஃபிலிம் நெகட்டிவைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். டச்சிங் என்று சொல்வார்கள். முகத்தில் கரும்புள்ளி இருந்தால் நெகட்டிவில் அது வெளிறிய ஓட்டையாகத் தெரியும், அதைப் பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் புள்ளி மறைந்துவிடும். அம்மைத் தழும்பு, முகப்பரு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம் எல்லாம் இப்படித்தான் போனது. பெண் பார்க்க அனுப்பிய படங்கள் எத்தனை அந்தப் பென்சிலைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வாசகரின் அப்பா அம்மா கல்யாணப் படமும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் கதை இன்னும் சுவாரசியம். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலையும் புது மண்டபத்தையும் நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் மகாலைப் பழுதுபார்ப்பதற்கு முன்னால் அது எப்படி இடிந்து கிடந்தது என்று இன்றைக்கு நாம் பார்க்க முடிவது அந்த ஆளால்தான். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ், எருமை மாதிரி கனக்கும் கேமரா, நம் ஊர் வெயில். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல ஒளிதான் அதிகமாக உறைக்கும், கல் மண்டபம் சரியாகப் பதிவாகும்வரை லென்ஸைத் திறந்துவைத்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் சாயத்தைத் தொட்டு மேகம் வரைந்தார். மர இலைகளிலும் கைவைத்தார். ஆக, மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களிலேயே எடிட்டிங் இருக்கிறது. உங்கள் போட்டிக்கு அவர் அனுப்பியிருந்தால் ஐந்தாவது விதியில் அடிபட்டிருப்பார்.

(உண்மையைச் சொன்னால், வானத்தில் மேகம் வரைகிற வேலையை நான் செய்ய மாட்டேன். ஃபோட்டோஷாப்பில் 2020இல் வானத்தை ஒரே சொடுக்கில் மாற்றுகிற வசதி வந்தது. மதுரை மே மாத வானத்தை எடுத்துவிட்டு எங்கேயோ எடுத்த சூரியாஸ்தமனத்தை ஒட்டலாம். நான் தொட்டதில்லை. ட்ரைப் செய்ததை மட்டும் ரசிக்கிறாயே என்று கேட்டால் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அவர் தொழில்நுட்பத்துக்கு வானமே பதியவில்லை, நம்முடையதில் பதிகிறது என்று சொல்லிச் சமாளிப்பேன்.)

சரி, இப்போதைய கேமராவுக்கு வருவோம். 'எடிட் செய்யாத படம்' என்று ஒன்று இருப்பதாக நினைப்பதுதான் அடிப்படைத் தப்பு. கேமராவுக்குள் ஒளியைப் பதிகிற சென்சாரில் இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம்தான் தெரியும், பச்சை இரண்டுக்கு சிவப்பு ஒன்று நீலம் ஒன்று என்ற கணக்கில் சல்லடை போட்டிருக்கிறார்கள். 1976இல் கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். ஒரு புள்ளிக்குத் தெரியாத மற்ற இரண்டு நிறத்தையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. அப்புறம் கான்ட்ராஸ்ட் ஏற்றி, கூர்மை கூட்டி, இரைச்சல் என்கிற புள்ளிப்புள்ளி மணலைத் தேய்த்து, ஒவ்வொரு நிறத்திலும் 256 வெளிச்சப் படிகள் மட்டும் மிஞ்சும்படி சுருக்கி ஜேபெக் என்ற சாதாரணப் பட ஃபைலாகக் கையில் கொடுக்கிறது. இந்தச் சமையலுக்கு முன்னால் சென்சார் பதிந்ததை வைத்திருக்கிற ரா ஃபைலில் என் கேமராவுக்கு 4096 படிகள் இருக்கின்றன. எங்கள் கடை பாஷையில் சொல்வதானால், ரா என்பது லோடில் வந்து இறங்குகிற பன்னிரண்டு மீட்டர் கம்பி. ஜேபெக் என்பது வெட்டி வளைத்த கம்பி. வளைத்ததை நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தின இடத்தில் பலம் இருக்காது, எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

செல்போன் இன்னும் மோசம், அல்லது இன்னும் கெட்டிக்காரத்தனம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு தடவை பட்டனைத் தொட்டால் அது பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை இறக்கி, முகத்தை மட்டும் கண்டுபிடித்து வெளிச்சமாக்கி ஒரே படமாகத் தருகிறது. அதை அப்படியே உங்கள் போட்டிக்கு அனுப்புகிறவர் 'நான் எடிட் செய்யவில்லை' என்று சத்தியம் செய்யலாம், அவர் மனசாட்சிப்படி அது உண்மைதான். செய்தது அந்தப் போனைத் தயாரித்த கம்பெனியின் பொறியாளர். நான் ரா எடுத்து என் கையால் செய்தால் தகுதி நீக்கம், முகம் தெரியாத பொறியாளர் செய்தால் பரிசா?

உங்கள் பத்திரிகை அலுவலகத்தில் மட்டும் என்ன நடக்கிறது? நியூஸ்பிரிண்ட் தாள் மையைக் குடித்துவிடும், புள்ளிகள் பரவி படம் கறுத்துப் போகும் என்பதால் அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கி, கூர்மை கூட்டித்தான் அனுப்புவார்கள். அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்யாவிட்டால்தான் மந்திரி முகம் மசிக் குப்பியாக வரும்.

இப்போது நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன், பெருமைக்கு இல்லை, இரண்டு தடவை நன்றாகச் சறுக்கியிருக்கிறேன்.

முதல் சறுக்கல் சித்திரைத் திருவிழாவில். அழகர் ஆற்றில் இறங்குவதைப் படம் எடுக்க ராத்திரி இரண்டு மணிக்கே ஆழ்வார்புரம் பக்கம் போய் இடம் பிடித்தேன். சாமி வேஷம் கட்டியவர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீருக்காக கேமராவைத் துணிக்கடை கவரில் சுற்றி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தேன். தங்கக் குதிரையில் அழகர் வந்தார். கிழக்கே வெளுக்க ஆரம்பித்த நேரம், ஒரு பக்கம் ஃபோகஸ் லைட்டுகளின் நீல வெள்ளை, இன்னொரு பக்கம் தீவட்டியின் மஞ்சள். நாற்பது படம் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்த கையோடு, குளிக்கக்கூட இல்லை, நன்றாக இருந்த ஒன்றைத் தேர்ந்து, ஆட்டோ கலர் என்ற பட்டனைத் தட்டி, கலரைக் கொஞ்சம் ஏற்றிக் கடை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

பதினொரு மணிக்கு முதலாளி போன். "என்னய்யா, அழகர் நீலப் பட்டா கட்டியிருந்தாரு? டிவியில பச்சைன்னு சொன்னானே?"

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அழகர் அன்று என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதை வைத்துத்தான் அந்த வருடம் எப்படி என்று இங்கே ஜனங்கள் பலன் சொல்வார்கள். பச்சை என்றால் மழை பெய்து நாடு செழிக்கும். வேறு நிறம் என்றால் ஆளுக்கு ஒரு பலன், பெரும்பாலும் பயமுறுத்துகிற பலன். பச்சைப் பட்டை நான் மயில் நீலமாக்கி வைத்திருந்தேன். முதலாளி பாதி விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் மீதிப் பாதி விளையாட்டு இல்லை என்பது குரலில் தெரிந்தது, சிமென்ட் விலை ஏறிக்கொண்டிருந்த வருடம் அது.

லேப்டாப்பை மறுபடி திறந்தேன். விளக்கின் நிறம் படத்தில் ஏறியதைக் கழிக்கிற ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்ய, படத்தில் வெள்ளையாக இருக்கும் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும், மற்ற நிறங்களை மென்பொருள் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். வேட்டியைத் தொட்டேன். படம் முழுக்க மஞ்சள் பூசியது போல ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, நம் ஊர் வேட்டி வெள்ளையே கிடையாது, சொட்டு நீலம் போட்டது! அந்த நீலத்தைக் கழிக்கப் போய் எல்லாம் மஞ்சளாகியிருந்தது. கடைசியில் அதே விளக்கு விழுந்த ஒரு சிமென்ட் தூணைத் தொட்டதும் பட்டு பச்சையாக வந்தது, குதிரையும் தங்கமாக நின்றது. ரா ஃபைல் இருந்ததால் தப்பித்தேன், ஜேபெக் மட்டும் எடுத்திருந்தால் நீலத்தோடு மல்லுக்கட்டியே பொழுது போயிருக்கும். அன்றிலிருந்து திருவிழாவுக்குப் போனால் இப்படித் தொட்டுக் காட்டுவதற்கென்றே ஒரு சாம்பல் நிற அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கலரைக் கூட்டுகிற பட்டனைப் பார்த்தால் முதலாளி குரல் கேட்கிறது.

கவனியுங்கள், இங்கே தப்பு செய்ததும் எடிட்டிங்தான், திருத்தியதும் எடிட்டிங்தான். விதி ஐந்து இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

இரண்டாவது சறுக்கலைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அம்மன் சன்னதிப் பக்கம் பூக்கட்டி விற்கிற ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். 35 எம்எம் லென்ஸ், காலை நேரம், பக்கவாட்டு வெளிச்சம், மடியில் மல்லிகை மொட்டுக் குவியல், விரலில் நார் சுற்றியிருக்கிறது, தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்க்கிறார். கறுப்பு வெள்ளையில் மாற்றினால் நன்றாக இருக்கும் என்று மாற்றினேன். தாடையில் மூன்று கரும்புள்ளிகள் தெரிந்தன. அழுக்கு, இல்லை ஏதோ மரு என்று நினைத்துக்கொண்டு புள்ளிகளை மறைக்கிற ஹீலிங் பிரஷ் என்ற கருவியால் தொட்டுத் தொட்டு எடுத்துவிட்டேன், மூன்று சொடுக்கு, மூன்று நொடி. எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாட்டி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் காட்டினார். அப்புறம் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, பச்சையைக் காணோமே?"

பச்சை குத்தியது. ஏழெட்டு வயதில் குத்தினார்களாம். "எங்க ஆத்தா ஒரு படி கம்பு குடுத்துக் குத்திவிட்டது" என்றார். திட்டவில்லை. படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார், பூ கட்டுவதையும் நிறுத்தவில்லை. நான்தான் நிற்க முடியாமல் நின்றேன். கண்ணெதிரே உட்கார்ந்திருந்த மனுஷியின் முகத்தை ஒழுங்காகப் பார்க்காமல் லேப்டாப் திரையில் பார்த்தால் இப்படித்தான் ஆகும். பழைய ஃபைலை எடுத்து, புள்ளிகளை இருந்த இடத்திலேயே விட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது பச்சை நிறத்தை இன்னும் கொஞ்சம் கறுப்பாக இறக்கி, மூன்றும் நன்றாகத் தெரிகிற மாதிரி வேறு பிரிண்ட் கொடுத்தேன். முதல் பிரிண்டைத் திருப்பிக் கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டார். "இது எங்க ஆத்தா சாடையில இருக்கு, இதுவும் இருக்கட்டும்" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: வெளிச்சத்தைத் தொடலாம், பொருளைத் தொடக்கூடாது. சென்சாரில் ஒட்டிய தூசிப் புள்ளியை எடுப்பேன், ஏனென்றால் அது என் கேமராவில் இருந்தது, தெருவில் இல்லை. தெருவின் குறுக்கே தொங்கும் கேபிள் ஒயரை எடுக்க மாட்டேன், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அது தெருவில் இருந்தது. சாய்ந்த தொடுவானத்தை நிமிர்த்துவேன். கோபுரத்தை நிமிர்த்தும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருப்பேன். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி, கீழே நின்று கேமராவைத் தூக்கி எடுத்தால் பின்னால் சாய்கிற மாதிரி வரும், மென்பொருளில் தானாகச் சரிசெய்யும் பட்டன் இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருளுக்குக் கட்டடம் என்றால் நேராக நிற்கிற பெட்டி, கோபுரம் மேலே போகப் போகக் குறுகும் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் குறுகலையும் தப்பு என்று நினைத்து இழுத்துவிடும், மீனாட்சி கோபுரம் மாவு மில் புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். ஸ்லைடரைப் பாதியில் நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்துவது என்பதற்குப் படத்தைப் பார்த்தால் போதாது, இன்னொரு தடவை கோபுரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

படம் எடுத்த அன்றே எடிட் செய்வதையும் விட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லாம் பிரமாதமாகத் தெரியும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் நூற்றில் ஐந்து தேறும், மிச்சத்தை அழிப்பதுதான் முதல் எடிட்டிங், பெரிய எடிட்டிங்கும் அதுதான். மென்பொருளுக்காகப் பணம் கட்டுவதையும் நிறுத்திவிட்டேன். டார்க்டேபிள் என்று இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துகிறேன். பழக ஆறு மாதம் ஆனது, பாதி பட்டன்கள் எதற்கென்று இப்போதும் தெரியாது. தேவைப்பட்டால் கத்தரிப்பேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. கத்தரிக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரசோனின் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு, பாரிஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டுவது, 1932இல் எடுத்தது. அதுவே கத்தரித்த படம்தான்.

இதையெல்லாம் சொல்வதால் எடிட்டிங் எல்லாமே சரி என்று வாதாடுவதாக நினைக்க வேண்டாம். 2019இல் என் அக்கா மகள் கல்யாண ஆல்பம் வந்தது. பெண் நல்ல கறுப்பு, களையான முகம். ஆல்பத்தில் முகம் சுண்ணாம்பு வெள்ளை. மருதாணி வைத்த கை ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், முகம் இன்னொரு நிறம், மூன்று பேரை ஒட்டிய மாதிரி. படம் எடுத்தவரிடம் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் சார் கேக்கறாங்க, நாங்களா செய்யல" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண் ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு மூடி வைத்தாள், அதற்கப்புறம் யாருக்கும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. நான் மண்டப வாசலில் நின்று என் ஓட்டை கேமராவில் எடுத்த ஒரு படம், வியர்த்த முகத்தோடு இலை போடும் இடத்தில் தோழியோடு சிரிப்பது, அதுதான் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதிலும் நான் எடிட்டிங் செய்திருக்கிறேன், முகத்தில் விழுந்த பந்தலின் சிவப்பு நிழலைக் கழித்தேன். அவள் நிறத்தைத் தொடவில்லை.

பெரிய இடங்களிலும் இந்தத் தகராறு உண்டு. 1982 பிப்ரவரி இதழ் அட்டைக்கு நேஷனல் ஜியாக்ரஃபிக் எகிப்தின் பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது, அட்டை நெடுக்கு வாட்டம், படம் படுக்கை வாட்டம், அவ்வளவுதான் காரணம். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற உலக அளவிலான செய்திப் படப் போட்டியில் 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கை, வரம்பு மீறிக் கைவைத்ததற்காகத் தள்ளிவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கடைசிச் சுற்றுகளுக்கு வந்தவர்களிடம் கேமராவிலிருந்து வந்த மூல ஃபைலைக் கேட்டு வாங்கி, அனுப்பிய படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். எடிட் செய்யக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்றார்கள்.

நீங்களும் அதைச் செய்யலாமே என்பதுதான் நான் கேட்பது. விதி ஐந்தை எடுத்துவிட்டு, தேர்வாகும் இருபது முப்பது பேரிடம் மட்டும் மூல ஃபைலைக் கேளுங்கள். செல்போனில் எடுத்தவர் போனில் இருக்கும் அசல் ஃபைலையே அனுப்பட்டும், வாட்ஸ்அப் வழியாக வேண்டாம், அது படத்தைச் சுருக்கி, எப்போது எப்படி எடுத்தது என்ற விவரத்தையும் உதிர்த்துவிடும். படத்தின் கீழே என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், 'நிழலைத் தூக்கினேன், வலப்பக்கம் கத்தரித்தேன்' என்கிற மாதிரி. பொய் சொல்கிறவர் அப்போதும் சொல்வார், ஆனால் ஃபைல் மாட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, சின்ன விஷயம்தான், அச்சாகும் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரைப் போடுங்கள். போன வருடப் போட்டிப் படங்களில் பாதிக்கு 'வாசகர்' என்று மட்டும் இருந்தது.

இத்துடன் அந்த டீக்கடைப் படத்தை வைத்திருக்கிறேன். ஒரு பிரிண்ட் கேமரா கொடுத்த ஜேபெக், இன்னொன்று நான் ரா ஃபைலிலிருந்து செய்தது, பென் டிரைவில் அந்த ரா ஃபைல். விதி மாறாவிட்டால் போட்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், வாங்கி வைத்துப் பாருங்கள் போதும். செய்தது இவ்வளவுதான்: டியூப் லைட்டின் பச்சையைக் கழித்தேன், ஆவியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினேன், பின்னணியை இருட்டில் விட்டேன், இடப்பக்கம் பைக்கின் கைப்பிடி எட்டிப் பார்த்ததைக் கத்தரித்தேன். வலது மேல் மூலையில் ஒரு கேபிள் ஒயர் தொங்குவது தெரியும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரும்புக் கடைக் கணக்கர் ஒருவர்,
மதுரை.